துணி துவைத்த அதே மருத்துவமனையில் நர்ஸ் பட்டம்: யார் இந்த மேரி மஹோனி?

அமெரிக்காவில் நர்ஸ் வேலைக்கான விளம்பரங்களைப் பார்த்தால் இரண்டு சுருக்கெழுத்துகள் மாறி மாறி வரும். ஒன்று ஆர்.என்., அதாவது ரெஜிஸ்டர்டு நர்ஸ். இன்னொன்று எல்.பி.என்., அதாவது லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ். எல்.பி.என். ஆக ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பு போதும். பிரஷர் பார்ப்பது, மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, குளிப்பாட்டி உடை மாற்றிவிடுவது என்று நோயாளியின் பக்கத்திலேயே இருக்கும் வேலை. மேற்பார்வை ஆர்.என். அல்லது டாக்டருடையது. டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் இதே ஆட்களுக்கு எல்.வி.என். என்று வேறு பெயர். குழம்ப வேண்டாம், வேலை ஒன்றுதான்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இந்த லைசென்ஸ் வாங்க என்ன செய்ய வேண்டும்? பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். மாநில நர்சிங் பதிவு வாரியம் ஒப்புக்கொண்ட பள்ளியில் படிக்க வேண்டும். பிறகு என்கிளெக்ஸ்-பி.என். என்ற கம்ப்யூட்டர் தேர்வு. நன்னடத்தையையும் சரிபார்ப்பார்கள். எல்லாம் தேறினால் லைசென்ஸ் கையில்.

அந்த வாரியம் 1910-ல் வந்த சட்டத்தால் பிறந்தது. அதற்கு முன்பு அந்த மாநிலத்தில் யார் நர்ஸ், யார் உதவியாள் என்று பிரித்துச் சொல்ல சட்டம் எதுவும் கிடையாது. அந்தக் காலத்தில்தான் பாஸ்டனில் ஒரு பெண், நர்ஸ் செய்யும் வேலைகளையும் செய்துகொண்டு, நர்ஸ் என்ற பெயர் இல்லாமல் சுமார் 15 வருடம் இருந்தார். அவர்தான் மேரி எலைசா மஹோனி.

சமையல், சலவை, வார்டு

மஹோனி பிறந்தது 1845-ல், பாஸ்டன் பகுதியில். பெற்றோர் வட கரோலினாவில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். பிள்ளைகளாவது வேறு மாதிரி வாழட்டும் என்று வடக்கே வந்தவர்கள். பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிக்கக் கூடாது என்று 1855-ல் மாசசூசெட்ஸ் சட்டம் போட்டது. மஹோனி படித்த பிலிப்ஸ் பள்ளி, பாஸ்டனில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் சேர்ந்து படித்த முதல் பள்ளிகளில் ஒன்று.

பதின்ம வயதிலேயே நர்ஸ் ஆக வேண்டும் என்ற ஆசை. ஆனால் அப்போது அமெரிக்காவில் நர்சிங் பள்ளி என்று ஒன்று உருப்படியாக இல்லை. பாஸ்டனில் பெண் டாக்டர்களே நடத்திய நியூ இங்கிலாந்து பெண்கள், குழந்தைகள் மருத்துவமனை 1862-ல் தொடங்கப்பட்டது. மஹோனி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சமையல், துணி துவைப்பது, தரை துடைப்பது, இடையிடையே நர்ஸ்களுக்குக் கைவேலை. நோயாளிக்கு எப்போது தண்ணீர் கொடுக்க வேண்டும், காய்ச்சல்காரரின் படுக்கையை எப்படி மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அப்படித்தான் கைக்கு வந்தது.

இங்கே ஒரு விஷயம் உறுத்துகிறது. அமெரிக்காவில் முறையாகப் பயிற்சி பெற்ற முதல் நர்ஸ் என்று லிண்டா ரிச்சர்ட்ஸைச் சொல்வார்கள். அவர் 1873-ல் டிப்ளமோ வாங்கியது இதே மருத்துவமனையில்தான். அதாவது ஒருவர் சரித்திரத்தில் இடம்பிடித்துக்கொண்டிருந்தபோது, அதே கட்டடத்தில் இன்னொருவர் வாளியும் துடைப்பமுமாக நின்றிருக்கிறார். மஹோனிக்கு வகுப்புக் கதவு திறக்க இன்னும் ஐந்து வருடம் ஆனது.

42 பேரில் 4 பேர்

1878-ல், 33-வது வயதில், அவரைப் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள். மொத்தம் 16 மாதம். அதில் ஒரு வருடம் பொது வார்டு, அறுவை சிகிச்சை, பிரசவம் என்று ஒவ்வொரு பிரிவிலும் டியூட்டி. கூடவே டாக்டர்களின் வகுப்புகள். கடைசி சில மாதங்கள் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். காலை 5.30-க்குத் தொடங்கினால் இரவு 9.30 வரை ஓயாது. நம்ம ஊர் ஐ.டி. ஷிப்ட் எல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது! வாரத்துக்கு ஒன்றிரண்டு டாலர் கைச்செலவுக்குத் தருவார்கள், அவ்வளவுதான்.

சேர்ந்தவர்கள் 42 பேர். முடித்தவர்கள் 4 பேர். 1879 ஆகஸ்ட் 1 அன்று டிப்ளமோ வாங்கிய அந்த நால்வரில் மஹோனியும் ஒருவர். அமெரிக்காவில் முறையான பயிற்சி முடித்துப் பட்டம் பெற்ற முதல் கறுப்பின நர்ஸ் ஆனார்.

சமையலறையில் தனியாகச் சாப்பிட்டவர்

பட்டம் வந்துவிட்டது. மரியாதை வந்ததா? மருத்துவமனைகளிலும் பொதுச் சுகாதார வேலைகளிலும் கறுப்பின நர்ஸ்களுக்கு இடம் கிடைப்பது அபூர்வம். அதனால் மஹோனி தனியார் நர்ஸ் ஆனார். பெரும்பாலும் வசதியான வெள்ளையினக் குடும்பங்களின் வீடுகளில் தங்கி, பிரசவித்த தாயையும் பச்சைக் குழந்தையையும் பார்த்துக்கொள்வார்.

அந்த வீடுகளில் ஒரு சிக்கல். கறுப்பினப் பெண் என்றால் வேலைக்காரி என்றுதான் கணக்கு. நர்ஸையும் அப்படியே சமைக்கச் சொல்வார்கள், துவைக்கச் சொல்வார்கள். மஹோனி வேலைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார். சமையலறையில் தனியாகச் சாப்பிடுவார். இதைத் திமிர் என்று படிக்கலாம். பத்துப் பதினைந்து வருடம் அந்த வேலைக்காரர்களில் ஒருவராகவே இருந்தவர் என்பதை நினைத்துக்கொண்டால் அப்படித் தோன்றாது. பயிற்சி பெற்ற நர்ஸ் வேறு என்பதைச் சொல்ல அவரிடம் சட்டம் இல்லை, லைசென்ஸ் இல்லை. சாப்பாட்டுத் தட்டை எங்கே வைத்துக்கொள்வது என்பது மட்டும்தான் அவர் கையில் இருந்தது.

உருவத்தில் ரொம்பச் சின்னவர், ஐந்தடி உயரம்தான். ஆனால் வேலையில் பெயர் பரவி, வெளி மாநிலங்களிலிருந்தும் அழைப்பு வந்தது.

லைசென்ஸ் வந்தது, கூடவே வேலியும்

நர்ஸ்களைப் பதிவு செய்யும் முதல் சட்டத்தை 1903-ல் கொண்டுவந்த மாநிலம் எது தெரியுமா? வட கரோலினா. மஹோனியின் பெற்றோர் அடிமைகளாக இருந்த அதே மண். அதே ஆண்டில் நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா. அரைகுறைப் பயிற்சியோடு நோயாளியைத் தொடுபவர்களைத் தடுக்க இந்தச் சட்டங்கள் தேவைப்பட்டன, அதில் சந்தேகமில்லை. ஆனால் பள்ளியில் சேர்ந்தால்தானே தேர்வு எழுத முடியும்? கறுப்பினப் பெண்களைச் சேர்க்கும் பள்ளிகள் மிகக் குறைவு. தெற்கு மாநிலங்கள் பலவற்றில் நர்ஸ் சங்கத்திலேயே அவர்களைச் சேர்க்க மாட்டார்கள். தகுதியை அளக்க வைத்த கதவு, நிறத்தைப் பார்த்தும் மூடியது.

1908 ஆகஸ்டில் 52 கறுப்பின நர்ஸ்கள் நியூயார்க்கில் கூடினார்கள். கூட்டியவர் மார்த்தா பிராங்க்ளின். கையால் எழுதி அனுப்பிய கடிதங்கள் மட்டும் 1,500. பிறந்தது கறுப்பினப் பட்டதாரி நர்ஸ்களுக்கான தேசியச் சங்கம். அடுத்த வருடம் பாஸ்டனில் நடந்த முதல் மாநாட்டில் வரவேற்புரை மஹோனியுடையது. நர்சிங் படிப்பில் நடக்கும் பாரபட்சத்தை அதில் நேரடியாகப் பேசினார். ஆயுள் உறுப்பினர் ஆக்கி, சங்கத்தின் பிரார்த்தனைப் பொறுப்பையும் கொடுத்தார்கள். சம்பளம் வாங்கிப் பார்த்த கடைசிப் பெரிய வேலை, லாங் ஐலண்டில் கறுப்பினக் குழந்தைகளுக்கான ஹோவர்டு அனாதை இல்லத்தின் நிர்வாகம். 1912-ல் அதிலிருந்தும் ஓய்வு.

1918-ல் பாஸ்டனிலேயே, வீடுகளில் நோயாளிகளைப் பார்க்கும் உதவி நர்ஸ்களுக்கென்று தனிப் பள்ளி தொடங்கியது. இன்றைய எல்.பி.என். படிப்பின் முன்னோடிகளில் ஒன்று அது. சம்பளத்துக்கு ஆளாக மஹோனி செய்த வேலைக்கு அவர் காலத்திலேயே ஒரு பாடத்திட்டம் வந்துவிட்டது.

1920-ல் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததும் பாஸ்டனில் முதலில் பெயர் பதிந்த பெண்களில் அவரும் இருந்தார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. 1926 ஜனவரி 4 அன்று மார்பகப் புற்றுநோயால் இறந்தார். எவரெட் நகரின் உட்லான் கல்லறையில் அடக்கம்.

தெற்கில் சங்கங்கள் சேர்க்காத கறுப்பின நர்ஸ்கள் தேசிய அமெரிக்க நர்ஸ் சங்கத்தில் நேரடியாகச் சேரலாம் என்ற நிலை 1948-ல்தான் வந்தது. 1951-ல் மஹோனியின் சங்கம், இனி தனியாக இருக்க வேண்டியதில்லை என்று தன்னைக் கலைத்துக்கொண்டு பெரிய சங்கத்தில் சேர்ந்தது. அவர் கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்து, 1973-ல் நினைவுக்கல் வைத்தவர்களும் நர்ஸ்கள்தான்.