பண்டாரவன்னியனும் துணைவலியும்

ஈழத்து வரலாற்றைக் கற்போர் கோட்டை, கண்டி, யாழ்ப்பாணம் என்னும் மூன்று அரசுகளையே பெரிதும் அறிவர். அவற்றிற்கு இடையே காடும் குளமும் கழனியுமாய்ப் பரந்து கிடந்த வன்னிநாட்டைப் பற்றிய செய்தி பாடநூல்களில் இரண்டொரு வரிகளில் அடங்கிவிடுகின்றது. பாடநூலில் அடங்கும் அந்நாட்டிற்கு முன்னோர் இட்டு வழங்கிய பெயரோ அடங்காப்பற்று என்பதாகும். பெரிய அரசுகளுக்கு நடுவே ஒரு சிறிய நாடு எவ்வாறு வாழ்ந்தது, எவ்வாறு வீழ்ந்தது என்பதை அறிய விரும்புவோர்க்கு வன்னியின் வரலாற்றைவிடச் சிறந்த பாடம் நம் நாட்டிலே இல்லை எனலாம். அவ்வரலாற்றின் இறுதி ஏட்டில் நிற்பவன் குலசேகரம் வைரமுத்துப் பண்டாரவன்னியன் என்று வழங்கப்பெறும் பெருவீரன்.

வன்னிப் பகுதியிலே நெடுங்காலமாகத் தமிழ் கற்பித்து வருபவன் நான். பேச்சுப் போட்டி வருந்தோறும் பண்டாரவன்னியனைப் பற்றி மாணவர் முழங்குவதைக் கேட்டிருக்கின்றேன். அவர்தம் பேச்சுக்களிலே இரண்டு பொருள்கள் தவறாது இடம்பெறும். ஒன்று அவனுடைய வாள். மற்றொன்று காக்கைவன்னியனின் காட்டிக்கொடுப்பு. வாள் உயர்த்திற்று, வஞ்சகம் வீழ்த்திற்று என்று முடித்துவிடுவர். கேட்பதற்கு இனிமையாய் இருப்பினும், அவன் வாழ்க்கையின் பெரும்பகுதி இவ்விரண்டிற்கும் வெளியே கிடக்கின்றது. அவன் யாருக்கு அயலவனாய் இருந்தான், யாரைத் துணை கொண்டான், அத்துணை எவ்வளவு காலம் நிலைத்தது என்னும் வினாக்களை எழுப்பினாலன்றி அவன் செய்த செயலின் அருமை நமக்குப் புலனாகாது.

முதலில் நாட்டின் இயல்பை நோக்குவோம். பனங்காமம், முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, தென்னமரவடி முதலிய பற்றுகளாக வன்னி பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு பற்றையும் வன்னியர் எனப்பட்ட குறுநிலத் தலைவர் ஆண்டனர். வடக்கே யாழ்ப்பாணத்து அரசும், அதன்பின் போர்த்துக்கேயரும், அவருக்குப்பின் ஒல்லாந்தரும் இவர்களிடம் திறைகேட்டனர். திறையாகச் சென்றது யானை. தெற்கேயோ நுவரகலாவியாவை எல்லையாகக் கொண்ட கண்டி அரசு இருந்தது. கரையோரத்து வல்லரசு நெருக்கியபோது வன்னியர் கண்டியை நோக்கினர். நெருக்கம் தளர்ந்தபோது திறையைத் தாமதித்தனர். 17ஆம் நூற்றாண்டிலே பனங்காமத்துக் கயிலைவன்னியன் ஒல்லாந்தருக்கு நேரில் வந்து பணிய மறுத்து நின்ற செய்தியை ஒல்லாந்தரே எழுதி வைத்துள்ளனர். முற்றும் பணியாமலும் முற்றும் பகைக்காமலும் காலத்தை ஓட்டும் இம்முறையைக் கோழைத்தனம் என்று சிலர் கருதக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. படையிற் சிறியவன் பெரியவர் இருவரின் பகைமையை இடைவெளியாகக் கொண்டு வாழ்ந்த அரசியல் அது.

இவ்விடைவெளி 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே சுருங்கத் தொடங்கிற்று. 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு திறையோடு அமைந்திருந்தபின், 1780ஆம் ஆண்டுகளிலே வன்னியை நேராக ஆளத் துணிந்தனர். வன்னியர் கடும்போர் புரிந்தனர். வன்னிச்சி ஒருத்தி சிறைப்பட்டுக் கொழும்புக் கோட்டையிலே அடைக்கப்பட்டாள். தோமஸ் நாகல் என்னும் அலுவலன் வன்னிக்கு ஆட்சியாளனாக அமர்த்தப்பட்டான். அவன் 1793ஆம் ஆண்டு எழுதிய அறிக்கை அந்நாளைய வன்னியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அரிய சான்றுகளில் ஒன்றாகும். பண்டாரவன்னியன் தலையெடுத்த காலம் இதுவே. முன்னோர் ஆண்ட நிலத்திலே அவன் கண்டது திறை கேட்கும் அயலவனை அன்று, குடிபுகுந்துவிட்ட ஆட்சியாளனை.

நிற்க. ஒல்லாந்தரின் ஆட்சி ஈழத்திலே வேரூன்றுமுன் ஐரோப்பாவிலே ஒரு புயல் எழுந்தது. 1795ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைக் கைக்கொண்டது. இங்கிலாந்திற்கு ஓடிய ஒரேஞ்சு இளவரசன், தன் நாட்டுக் குடியேற்றங்களை ஆங்கிலேயரின் காவலில் விடுமாறு கடிதம் விடுத்தான். அவ்வாண்டிலேயே திருகோணமலையும் யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் ஆங்கிலேயர் கையிற் சேர்ந்தன. 1796ஆம் ஆண்டு கொழும்பும் வீழ்ந்தது. 1802ஆம் ஆண்டின் அமியன்ஸ் உடன்படிக்கை கரையோர இலங்கையை அவர்க்கு முறைப்படி உரிமையாக்கிற்று. ஐரோப்பாவிலே பேசி முடித்த இப்பேச்சில் வன்னியின் கருத்தைக் கேட்டவர் எவருமிலர். நேற்றுவரை ஒல்லாந்தன் நின்ற இடத்திலே இன்று ஆங்கிலேயன் நின்றான்.

புதிய அயலவனின் வலிமையைச் சோதிக்கும் வாய்ப்பு விரைவிலே வந்தது. 1803ஆம் ஆண்டு தேசாதிபதி நோர்த் கண்டியின்மேற் படைவிடுத்தான். அரசன் ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன் நகரைவிட்டு நீங்கினான். ஆங்கிலேயர் வெறுநகரிற் புகுந்து முத்துச்சாமி என்பவனுக்கு முடிசூட்டினர். ஆனால் காய்ச்சலும் உணவுப் பஞ்சமும் அவர் படையை அரித்தன. அவ்வாண்டு யூன் மாதம் 24ஆம் நாள் மேஜர் டேவி தலைமையில் எஞ்சியிருந்த காவற்படை பணிந்தது. பணிந்தபின் பெரும்பகுதி கொல்லப்பட்டது. முத்துச்சாமியும் உயிரிழந்தான். உடனே கண்டிப் படைகள் பல திசையிலும் எல்லையைக் கடந்து ஆங்கிலேயரைத் தாக்கத் தலைப்பட்டன.

பண்டாரவன்னியன் எழுந்த வேளை இது. கண்டியின் துணையோடு 1803ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 25ஆம் நாள் அவன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். கோட்டைக்குத் தலைவனாயிருந்த கப்டன் வொன் டிரிபேர்க் எதிர்த்து நிற்கமாட்டாது, படையினரோடு தோணிகளில் ஏறி யாழ்ப்பாணத்துக்கு ஓடினான். கோட்டை வன்னியர் வசமாயிற்று. அவ்வளவில் நில்லாது பண்டாரவன்னியன் வடபுலம் எங்கும் பரந்து யானையிறவுவரை சென்றான். ஈண்டு ஒன்றை நினைவுகூர்தல் தகும். வன்னிக்காட்டு யானைகளைக் குடாநாட்டுக்குக் கடத்திய துறையாதலின் யானையிறவு அப்பெயர் பெற்றது. முன்னோர் திறையாகக் கொடுத்த யானைகள் சென்ற வழியிலே, திறைகொடாத வன்னியன் படைக்கலத்தோடு வந்து நின்றான்.

இவ்வெற்றி ஏன் நிலைக்கவில்லை? இதற்கு விடைதேடும்போது வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் அரசனுக்குக் கூறும் அறிவுரை நமக்கு அளவுகோலாகின்றது. செய்யக் கருதிய தொழிலின் அருமை, தன் ஆற்றல், பகைவனின் ஆற்றல், இருபாலும் துணையாவாரின் ஆற்றல் ஆகிய நான்கையும் எடைபோடுமாறு அவர் கூறுவர். முதல் இரண்டிலும் பண்டாரவன்னியன் பிழைபட்டான் என்று எவரும் சொல்லார். கோட்டையைக் கொண்டமையே அதற்குச் சான்று.

மூன்றாவது மாற்றானின் வலிமை. ஆங்கிலேயரின் வலிமை கோட்டைச் சுவரிலே இல்லை, கடலிலே இருந்தது. வன்னியின் நிலப்படத்தை விரித்துப் பார்க்கும் எவரும் இதை அறியலாம். வடக்கே யாழ்ப்பாணம், மேற்கே மன்னார், தென்கிழக்கே திருகோணமலை என மூன்று துறைகளும் ஆங்கிலேயர் கையில் இருந்தன. முல்லைத்தீவை இழந்த டிரிபேர்க் அழிந்துபோகவில்லை. கடல்வழியே தப்பி மற்றொரு துறையை அடைந்தான். கடலை உடையவன் ஒரு கோட்டையை இழப்பது மரம் ஒரு கிளையை இழப்பதை ஒக்கும்.

நான்காவது துணைவலி. கண்டியும் வன்னியும் பகைவன் ஒருவனே என்பதால் இணைந்தன. ஆயினும் கண்டியரசன் முதலாகக் கருதியது கொழும்பை. முல்லைத்தீவு வீழ்ந்து இரண்டு வாரம் ஆகுமுன், செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில், அரசனே நேரில் வந்து நின்ற ஹங்வெல்லைப் போரிலே கண்டிப்படை முறியுண்டது. அத்தோல்வியின்பின் கண்டியின் வேகம் அடங்கிற்று. கொழும்பைப் பற்றிய அச்சம் நீங்கவே ஆங்கிலேயர் வடக்கே கருத்தைத் திருப்ப இடம் கிடைத்தது என்று நான் கொள்ளுகின்றேன். ஹங்வெல்லையில் நிகழ்ந்ததை மாற்றும் ஆற்றல் பண்டாரவன்னியனுக்கு இல்லை. ஆனால் அதன் பயனை நுகரவேண்டியவன் அவனே ஆனான்.

யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் மூன்று படைகள் வன்னியை நோக்கி நகர்ந்தன. ஒக்டோபர் மாதம் 31ஆம் நாள், ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவிலே டிரிபேர்க் பண்டாரவன்னியனை முறியடித்தான். முல்லைத்தீவு வெற்றிக்கும் கற்சிலைமடுத் தோல்விக்கும் இடைப்பட்ட காலம் 67 நாள். இவ்விடத்திலேதான் காக்கைவன்னியன் கதை நுழைகின்றது. முல்லைமணி இயற்றிய நாடகமும், தமிழகத்திலே மு. கருணாநிதி எழுதிய புதினமும் பண்டாரவன்னியனின் புகழை எங்கும் பரப்பியுள்ளன. காட்டிக்கொடுப்புக் கதையும் கலைவடிவங்களின் வழியே மக்கள் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது. அக்கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும் ஆகுக. ஒருவன் வஞ்சகம் செய்யாதிருப்பினும் மூன்று துறையிலிருந்தும் மூன்று படைகள் வந்தே இருக்கும். பழி முழுவதையும் ஒரு வஞ்சகன் தலையிற் சுமத்திவிட்டால் நிலப்படத்தைப் பார்க்கும் தொல்லை நமக்கு இல்லாது போகின்றது. பாடமும் இல்லாது போகின்றது.

இது வன்னிக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. அதே 1803ஆம் ஆண்டிலே கிரேக்க நாட்டின் வடமேற்கில் எபைரசு மலைகளிடையே சூலியர் என்னும் சிறுகுடியினர், துருக்கியப் பேரரசின்கீழ் யானினாவை ஆண்ட அலி பாஷாவை எதிர்த்து நின்றனர். நெடிய முற்றுகைக்குப்பின் திசெம்பர் மாதத்தில் மலையைவிட்டு நீங்க இசைந்தனர். வழியிலே பலர் மாண்டனர். எஞ்சியோர் ரஷியாவின் காவலிலிருந்த கோர்புத் தீவிற் புகலடைந்தனர். 1807ஆம் ஆண்டு ரஷியா தன் நலங்கருதித் தில்சித்து உடன்படிக்கையால் அத்தீவுகளைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தது. பின்னர் 1815ஆம் ஆண்டிலே அவை ஆங்கிலேயரின் காவலுக்குள் வந்தன. புகல் தந்தவர் மாறினர். புகல் அடைந்தவரைக் கேட்டு மாறவில்லை. 1821ஆம் ஆண்டு கிரேக்கர் விடுதலைக்கு எழுந்தபோது சூலியர் முன்னணியில் நின்றனர். 1827ஆம் ஆண்டு நவரினோக் குடாவிலே இங்கிலாந்து, பிரான்சு, ரஷியா ஆகிய மூன்று வல்லரசுகளின் கப்பற்படைகள் துருக்கிய எகிப்தியக் கப்பல்களை அழித்தன. 1830ஆம் ஆண்டு கிரேக்கம் தனிநாடாக ஏற்கப்பட்டது. வன்னியின் உரிமையைப் பறித்த அதே இங்கிலாந்து கிரேக்கத்தின் உரிமைக்குத் துணைநின்றமை நோக்கத்தக்கது. வல்லரசு ஒன்று கை கொடுப்பதும் கை விடுவதும் அதன் நலத்தை ஒட்டியே நிகழும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

கற்சிலைமடுவோடு பண்டாரவன்னியனின் வாழ்வு முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அங்கே பிற்காலத்தில் ஆங்கிலேயர் நாட்டிய கல்லே இவ்வெண்ணத்துக்குக் காரணம். அக்கல் கூறியது அவன் முறியடிக்கப்பட்ட செய்தியை மாத்திரமே. அவன் அங்கே இறந்தான் என்று அது கூறவில்லை. ஆங்கிலேயரின் பிற்கால அறிக்கைகளின்படி அவன் தப்பிச் சென்று, பல ஆண்டுகள் கழிந்தபின் மீண்டும் போரில் ஈடுபட்டு, 1810ஆம் ஆண்டு படுகாயமுற்று, 1811ஆம் ஆண்டு பனங்காமத்திலே உயிர்நீத்தான். இவ்வறிக்கைகளை ஏற்பின், தோல்விக்குப்பின் ஏழு ஆண்டுகள் கோட்டையும் இன்றி, வலுவான துணையும் இன்றி அவன் பணியாது திரிந்தான் என்பது பெறப்படும். 67 நாள் வெற்றியினும் இவ்வேழாண்டு உறுதியையே நான் பெரிதாக மதிக்கின்றேன்.

அவனுக்குத் துணைநின்ற கண்டியும் நெடுநாள் வாழவில்லை. 1815ஆம் ஆண்டு கண்டிப் பிரதானிகள் தம் அரசனை வெறுத்து ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்தனர். ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன் சிறைப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832ஆம் ஆண்டு அங்கே இறந்தான். வன்னி தனித்து வீழ்ந்தது. நான்காண்டு கழித்துக் கண்டியும் தனித்து வீழ்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று அற்றைநாட் போருக்குத் துணையாகக் கொண்டனவேயன்றி, நெடுங்காலத்து அயலவராகக் கருதி ஒரு நிலையான ஒழுங்கை அமைத்துக்கொள்ளவில்லை.

இன்று வவுனியா நகரிலே பண்டாரவன்னியனுக்குச் சிலை உண்டு. முல்லைத்தீவு வெற்றிநாள் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றது. இவை வேண்டியனவே. ஆசிரியர்களாகிய நாம் இவற்றோடு மற்றொன்றும் செய்தல் வேண்டும். பண்டாரவன்னியனைப் பற்றிக் கற்பிக்கும் நாளில் வகுப்பிலே இலங்கையின் படத்தை மாட்டுவோம். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, முல்லைத்தீவு, ஹங்வெல்லை, கண்டி ஆகிய ஆறு இடங்களையும் மாணவரைக் கொண்டு குறிக்கச் செய்வோம். ஒவ்வொன்றின் அருகிலும் 1803ஆம் ஆண்டு அங்கே யார் இருந்தார், எந்நாளில் என்ன நடந்தது என்று எழுதச் செய்வோம். பின்னர், வன்னியனின் இடத்தில் நீ இருந்தால் எவரை நம்புவாய், எவ்வளவு நம்புவாய் என்று வினாவுவோம். விடை எதுவாயினும் ஆகுக. அவ்வினாவை நெஞ்சிற் கொண்டு வெளிச்செல்லும் மாணவன் பண்டாரவன்னியனை அறிந்தவனாவான்.