முப்புரி கண்ட மேதை

தறியோசை கேளாத தெரு நமது ஆரணியில் அரிது. ஆயினும் நாள்தோறும் நம் கையில் புரளும் பட்டிழை ஒரு புரதம் என்பதையும், புரதங்கள் எவ்வாறு மடங்கலாம், எவ்வாறு மடங்கலாகாது என்று எல்லை வகுத்தவர் சென்னையில் பணிபுரிந்த நம்மவர் ஒருவரே என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் ஜி. என். இராமச்சந்திரன் அவர்கள்.

1922 அக்டோபர் 8ஆம் தேதி எர்ணாகுளத்தில், கணித ஆசிரியர் ஒருவரின் புதல்வராய்ப் பிறந்தார். திருச்சி அர்ச். சூசையப்பர் கல்லூரியில் பௌதிகம் கற்றார். 1942இல் மின்சார இஞ்சினீயரிங் பயிலப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் சென்ற அவரைப் பௌதிகத்திற்கே ஈர்த்துக்கொண்டவர் ஸர் சி. வி. இராமன். பின்னர்க் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்ற இராமச்சந்திரன், 1949இல் தாயகம் திரும்பினார். 1952இல், முப்பது வயதளவில், இராமனின் சிபாரிசின் பேரில் சென்னைச் சர்வகலாசாலையின் பௌதிகப் பகுதிக்குத் தலைவரானார். அப்போது துணைவேந்தராயிருந்தவர் டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியார்.

தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் வலிவு தருவது கொலாஜன் என்னும் புரதம். அதன் அமைப்பு மேனாட்டு அறிஞர்க்கும் பிடிபடாதிருந்தது. 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதனை விடுவித்தனர். மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூலைப்போல, மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி நிற்பதே அதன் வடிவம். நடுவில் இடம் மிகக் குறுகலாதலின், ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது கண்ணிதோறும் யாவற்றினும் சிறிய கிளைசின் அமர்ந்திருக்கிறது.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றும், சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை மிகை என்றும் ரிச், கிரிக் ஆகிய இருவரும் 1955இல் குறை கூறினர். பிணைப்புகளைப் பற்றிய அவர்கள் கூற்றையே பிற்கால ஆராய்ச்சியும் ஆதரித்தது. ஆனால் முப்புரிச் சட்டகம் அசையாமல் நின்றது.

இராமச்சந்திரன் சினந்தாரில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயப் புகுந்தார். அறியப்பட்ட படிகங்களிலிருந்து அளவுகளைத் திரட்டி, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய இரண்டு கோணங்களைக் கணக்கிட்டார். பெரும்பாலான திருப்பங்களில் அணுவோடு அணு மோதிக்கொள்ளும், சிலவே இயலும். இராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடனும் 1963இல் அவர் வெளியிட்ட அந்தப் படம் இராமச்சந்திரன் படம் என்றே உலகெங்கும் வழங்குகிறது.

ஒரு புரதம் மற்றொன்றோடு எங்ஙனம் பொருந்தும் என்பதை இன்று கணிப்பொறிகள் முன்கூட்டியே கணிக்கின்றன; மருந்து காண்பதற்கும் அது துணையாகின்றது. புரத வடிவங்களைக் கணித்ததற்கும் வகுத்ததற்கும் பேக்கர், ஹசாபிஸ், ஜம்பர் என்னும் மூவர் 2024இல் நோபல் பரிசு பெற்றனர். எப்பொறி வரைந்த வடிவமாயினும், அதன் குற்றங்குறையைச் சோதிக்க இன்றும் எடுக்கும் உரைகல் இராமச்சந்திரன் படமே.

2001 ஏப்ரல் 7ஆம் தேதி அப்பெரியார் சென்னையில் மறைந்தார். மறுப்புரை கேட்டமாத்திரத்தில் மறுப்பவனைத் தேசத்துரோகி என்று தூற்றும் வழக்கம் நம் அரசியல் மேடைகளில் பெருகிவருகிறது. மறுத்தவனிடமிருந்தே அடுத்த கேள்வியைப் பெற்றுக்கொண்டு, அதற்கு விடை கண்டு நாட்டின் பெயரை நிலைநாட்டிய இராமச்சந்திரனிடம் நம் தொண்டர்கள் கற்கவேண்டிய தேசபக்தி இதுவே.