ஞானத்துக்கு அழகு: கூரத்தாழ்வான் வைபவம்

காஞ்சிக்கு அருகே கூரம் என்னும் ஊரில், தை மாத ஹஸ்த நக்ஷத்ரத்தில் திருவவதரித்தவர் கூரத்தாழ்வான். திருமறுமார்பன் என்பது இயற்பெயர். பெருஞ்செல்வத்தைத் துறந்து, தேவிகளான ஆண்டாளுடன் திருவரங்கம் வந்து எம்பெருமானார் திருவடிகளையே பற்றி வாழ்ந்தார். கல்வி, செல்வம், குடிப்பிறப்பு ஆகிய மூன்றாலும் விளையும் செருக்கைக் கடந்தவர் என்று திருவரங்கத்தமுதனார் இவரை இராமாநுச நூற்றந்தாதியில் கொண்டாடுகிறார். செல்வத்தை ஊரிலே விட்டு வரலாம். கற்ற கல்வியோ உடன் வருவது. அதனால் வரும் செருக்கைக் கடப்பதே அரிது.

ஆழ்வானின் மேதை ஒப்பற்றது. போதாயன வ்ருத்தியைப் பெறக் காச்மீரம் சென்ற எம்பெருமானாரிடமிருந்து அந்த ஓலைச்சுவடி திரும்பப் பறிக்கப்பட்டபோது, இரவுகளில் அதைப் படித்து நெஞ்சில் பதித்திருந்த ஆழ்வான் அவருடைய கலக்கத்தைத் தீர்த்தார். ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்யப்பட்டபோது ஏடெழுதியவரும் இவரே. ஆத்மாவின் ஸ்வரூபம் அறிவுடைமை என்று மாத்திரம் எம்பெருமானார் ஓரிடத்தில் சொல்ல, ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. எம்பெருமானுக்கு அடிமையாயிருப்பதை விட்டு அறிவை மட்டும் சொன்னால் ஆத்மஸ்வரூபம் நிரம்பாது என்பது அவர் துணிவு. ஆசார்யன் முதலில் சினந்தாலும், பின்பு ஆராய்ந்து ஆழ்வான் கருத்தையே கொண்டருளினார்.

அடிமையை மறந்த அறிவு என்ன செய்யும் என்பதற்கு நாலூரானே சான்று. சோழன் அவையில் அமைச்சனான இவன், ஆழ்வானிடமே கற்றவன் என்பர். சிவனுக்கு மேல் தெய்வமில்லை என்று எல்லோரிடமும் அரசன் கையெழுத்து வாங்கியபோது, எம்பெருமானாரும் ஆழ்வானும் இசையாவிடில் மற்றவர் கையெழுத்தால் பயனில்லை என்று எடுத்துக் கொடுத்தவன் இவனே. பெரியோரின் பெருமையை நன்கு அறிந்திருந்தான். அந்த அறிவையே அவர்களுக்குக் கேடு சூழக் கருவியாக்கினான்.

ஆழ்வான் எம்பெருமானாரின் காஷாயத்தைத் தாம் அணிந்து பெரியநம்பியுடன் அவைக்குச் சென்றார். பொய்யான ஒரு கையெழுத்து அவரைக் காத்திருக்கும், அவர் இசையவில்லை. இருவரும் கண்களை இழந்தனர். முதிர்ந்த பெரியநம்பி வழியிலேயே பரமபதித்தார்.

திருவரங்கம் திரும்பிய ஆழ்வான் கோயிலுக்கு எழுந்தருளினார். எம்பெருமானாரைச் சேர்ந்தவர்களை விடலாகாது என்பது அரசாணை. நற்குணம் மிக்கவர் என்பதால் இவரை மட்டும் விடலாம் என்று வாயில்காப்போன் சொல்ல, ஆசார்ய ஸம்பந்தத்தைப் பிரிக்கும் நற்குணம் தமக்கு வேண்டாவென்று மீண்டார். பெரிய பெருமாளை ஸேவிப்பதற்கும் அவர் அந்த விலையைக் கொடுக்கவில்லை.

பின்னாளில், கண்பார்வையை வேண்டிப் பெறும்படி எம்பெருமானார் நியமிக்க, காஞ்சியில் வரதராஜஸ்தவம் பாடினார். தேவப்பெருமாள் வரமருள இசைந்தபோது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்றே விண்ணப்பித்தார், கண்ணைக் கேட்கவில்லை.

நாலூரானுக்கும் அறிவு இருந்தது, ஆழ்வானுக்கும் இருந்தது. ஒருவன் அறிவு அரசனுடைய விருப்பத்துக்கு ஆட்பட்டது, மற்றவர் அறிவு எம்பெருமானுக்கும் அவன் அடியார்க்கும் ஆட்பட்டது. நாமும் கற்கிறோம், வ்யாக்யானங்களைக் கேட்கிறோம், பிறருக்கும் சொல்லுகிறோம். அந்த ஞானம் யாருக்கு அடிமை செய்கிறது என்று நம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வதே ஆழ்வான் வைபவத்தைக் கேட்டதற்குப் பயன்.

ஆழ்வான் திருவடிகளே சரணம்.