காரைக்குடி வள்ளல்

வேலூர், ஆம்பூர் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டியின் காரத்தை அறியாதார் இலர். அதனினும் கடுமையான காரத்தில் அமிழ்ந்த மின்கலத்தின் துத்தநாகத் தகடு, சும்மா கிடக்கும்போதும் கரைந்து, ஹைட்ரஜன் வாயுவை வெளியிட்டு வீணாகிறது. பாதரசம் கலந்து இவ்வரிமானத்தை அடக்கினர். நஞ்சென்று பின்னர் அதுவும் விலக்கப்பட்டது.

இத்தகைய ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் ஒரு கூடம் எழ வாரி வழங்கியவர், கோட்டையூரில் 1909-இல் பிறந்த டாக்டர் அழகப்ப செட்டியார். சர்க்கார் செய்யட்டுமென்று தனவந்தர் வாளாவிருந்த காலத்தில், காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்தார். இதனை மெய்யான சுதேசியம் என்போம். 1948 ஜூலையில் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. துத்தநாக மின்கல ஆராய்ச்சியும் அங்கு நடைபெறுகிறது. 1957 ஏப்ரலில் வள்ளல் மறைந்தபோது அவருக்கு வயது 48 நிறையவில்லை.