பாப்புவின் வானமும் பொட்டிபுரத்து வானமும்

பொட்டிபுரம் என்றதும் செய்தித்தாள் வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது நியூட்ரினோ. போடிநாயக்கனூருக்கு அருகே, மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரை ஒரு சர்ச்சையின் பெயராகவே பலரும் அறிவார்கள். எனக்கோ அந்தப் பெயர் என் அப்பத்தாவின் கயிற்றுக் கட்டிலை நினைவூட்டுகிறது.

அப்பத்தா ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர். மலையேறி வேலைக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே அடுப்பு மூட்டியாக வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது கடிகாரம் இல்லை. ஆடி மாதத்துப் பின்னிரவில் கிழக்கே கார்த்திகைக் கூட்டம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்த்துத்தான் அவர் நேரம் சொல்வார். களத்தில் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கொத்தாக மின்னும் அந்த மீன்களை எண்ணிப் பார்ப்பேன். ஒருநாள் ஆறு வரும், ஒருநாள் ஏழு வரும். ஏன் இப்படி மாறுகிறது என்று கேட்டால், கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி எண்ணச் சொல்வார். நான் வானத்தின்மீது ஆசை கொண்டது அப்படித்தான்.

அந்த ஆசைக்கு ஒரு மனிதரின் பெயரும் உண்டு என்று அறிந்தது கல்லூரி நாள்களில். ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்துக்கு நண்பர்களுடன் ஒரு சனிக்கிழமை மாலை சென்றிருந்தேன். பொதுமக்களுக்கென வைத்திருந்த சிறிய தொலைநோக்கியில் சனிக் கோளை அதன் வளையத்தோடு பார்த்தேன். சில விநாடிகள்தான். வரிசையில் பின்னால் நின்றவர் தோளைத் தட்டும்வரை நகர மனம் வரவில்லை. வெளியே வந்தபோது அங்கிருந்த பெரிய தொலைநோக்கியின் பெயரைக் கேட்டேன். வைனு பாப்பு என்றார்கள். அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்து வருகிறேன்.

மணலி கல்லட்டு வைனு பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். பெற்றோரின் பூர்விகம் வட கேரளம். தந்தை ஹைதராபாதின் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றினார். அந்த வானாய்வகத்தின் தொடக்கமே ஒரு தனிமனிதரின் ஆசைதான். ஜாபர் ஜங் என்ற நவாப், விண்மீன்கள்மீது கொண்ட விருப்பத்தால் 15 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். அவர் மறைவுக்குப் பின் நிஜாம் அரசு அதை ஏற்று நடத்தியது. பின்னாளில் பாப்புவின் தந்தைக்கு வேலை கொடுத்ததும், பாப்புவுக்கு வானத்தை அறிமுகப்படுத்தியதும் அந்த ஆய்வகமே.

மற்றப் பிள்ளைகளுக்கு ஓவியத்தில் மட்டுமே அறிமுகமான தொலைநோக்கி, அவருக்கு அன்றாட வாழ்வின் பகுதியாக இருந்தது. நிஜாம் கல்லூரியில் மாணவராக இருக்கும்போதே, ஒளி கூடிக் குறையும் மாறுவிண்மீன்களைக் கண்காணித்துக் கட்டுரைகள் வெளியிட்டார். மாறுவிண்மீனைக் கவனிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரே விண்மீனை இரவுக்கு இரவு பார்த்து, அருகிலுள்ள விண்மீன்களோடு அதன் ஒளியை ஒப்பிட்டு, எண்ணாகக் குறித்துவைக்க வேண்டும். பல வாரங்களுக்குப் பின்புதான் அந்த எண்கள் ஒரு வளைகோடாக உருவெடுக்கும். ஆசையை அறிவாக மாற்றும் பயிற்சி அதுதான். அந்தப் பயிற்சி அவருக்கு இருபது வயதுக்குள் கிடைத்துவிட்டது.

ஹைதராபாத் அரசின் உதவித்தொகையுடன் 1949இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். சென்ற சில மாதங்களிலேயே, அவ்வாண்டு ஜூலை 2 அன்று, தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அங்கே இருக்கக்கூடாத ஓர் ஒளித்தடத்தைக் கண்டார். அது ஒரு புதிய வால்மீன். ஆசிரியர் பார்ட் போக், உடன் பயின்ற கோர்டன் நியூகர்க் இருவரும் அதை உறுதிசெய்ய உதவினர். மூவர் பெயரையும் தாங்கியது அந்த வால்மீன். அது மீண்டும் சூரியனை நெருங்கச் சுமார் 60,000 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டனர். பசிபிக் வானியல் கழகம் பதக்கம் அளித்துப் பாராட்டியது. அப்போது பாப்புவுக்கு வயது 22கூட நிரம்பவில்லை.

முனைவர் பட்டத்துக்குப் பின் கார்னகி ஆய்வு உதவி பெற்று கலிபோர்னியாவின் வில்சன் மலை, பாலோமார் வானாய்வகங்களில் பணியாற்றினார். ஓலின் வில்சன் என்பவரோடு சேர்ந்து அவர் கண்டறிந்த தொடர்பு 1957இல் வெளிவந்தது. அது இன்று வில்சன்-பாப்பு விளைவு என்று வழங்கப்படுகிறது. விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், கால்சியத்துக்கு உரிய இடத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். சூரியனைப் போன்றும் அதைவிடக் குளிர்ந்தும் இருக்கும் விண்மீன்களில், அந்தக் கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று இருக்கும். கீற்று எவ்வளவு அகலமோ, விண்மீனின் உண்மையான ஒளிர்வும் அவ்வளவு அதிகம். உண்மை ஒளிர்வு தெரிந்துவிட்டால், நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டு, அந்த விண்மீன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

இப்படி ஒரு கண்டுபிடிப்புக்குரிய பணியைச் செய்த இளைஞர் அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். அவர் 1953இல் நாடு திரும்பினார். வாராணசியில் தொடங்கப்பட்ட உத்தரப் பிரதேச அரசு வானாய்வகத்தின் பொறுப்பேற்று, அதை நைனிதால் மலைக்குக் கொண்டுசென்றார். பிறகு 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். அப்போது அவருக்கு வயது 32.

கொடைக்கானல், பொட்டிபுரத்துக்கு வடகிழக்கே அதே மலைக்கூட்டத்தில்தான் இருக்கிறது. 1876-78இன் கொடும் பஞ்சத்துக்குப் பின், சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமா என்ற கேள்வியும் சேர்ந்து உருவாக்கிய ஆய்வகம் அது. சூரிய ஆய்வில் உலகப் புகழ் பெற்றது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது அங்கேதான். ஆனால், பாப்புவின் மனம் இரவு வானத்தில் இருந்தது. மேகமும் மூடுபனியும் மிகுந்த கொடைக்கானல், இரவு நேர ஆய்வுக்கு ஏற்றதாக இல்லை.

எனவே, வேறிடம் தேடினார். அவருக்கு வேண்டியது தெளிவான, இருண்ட வானம். அதோடு, இயன்றவரை தெற்கே இருக்கும் இடமாகவும் அது இருக்க வேண்டும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க, வடகோளத்து வானமும் தென்கோளத்து வானமும் ஒருசேரத் தெரியும். உலகின் பெரிய தொலைநோக்கிகள் பெரும்பாலும் வடக்கே இருந்த காலத்தில், தென்வானத்தையும் எட்டக்கூடிய ஓர் இடம் இந்தியாவுக்கு வாய்த்திருக்கிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார். பல ஆண்டுத் தேடலுக்குப் பின், ஜவ்வாது மலையின் சந்தனக் காடுகளுக்கு நடுவே, ஏறத்தாழ 12.5 பாகை வட அட்சரேகையில் இருக்கும் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். கொடைக்கானல் பட்டறையிலேயே உருவாக்கிய 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி 1968இல் அங்கே வானைப் பார்க்கத் தொடங்கியது. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வின்போது, அதைச் சுற்றி வளையங்கள் இருப்பது வெளிப்பட்டது. அன்று பதிவுகளைத் தந்த இடங்களுள் காவலூரும் ஒன்று.

கொடைக்கானல் ஆய்வகம் 1971இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பானது. பாப்பு அதன் இயக்குநர். அடுத்த கனவு, 2.34 மீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கி. அதை வெளிநாட்டிலிருந்து வாங்க அவர் விரும்பவில்லை. நம் பொறியாளர்களே வடிவமைக்க வேண்டும், கண்ணாடியை நம் கைவினைஞர்களே தேய்த்து மெருகூட்ட வேண்டும் என்று உறுதியாக இருந்தார். ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு அளவுக்குக்கூட வளைவு பிசகக்கூடாத வேலை அது. பெங்களூரில் அந்த வேலை தொடங்கியது.

அதற்குள் உலகம் அவரைக் கண்டுகொண்டது. 1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1981இல் பத்ம பூஷண் விருது பெற்றார். 1982 ஆகஸ்டில் கிரேக்கத்தின் பட்ராஸ் நகரில் ஒன்றியத்தின் பொதுப்பேரவை கூடியபோது, தலைவரால் அதில் பங்கேற்க முடியவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின், ஆகஸ்ட் 19 அன்று அவர் காலமானார். 55 வயது நிறைந்து ஒன்பது நாள்களே ஆகியிருந்தன. அவர் கனவு கண்ட தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதற்கு வைனு பாப்பு தொலைநோக்கி என்றும், காவலூர் ஆய்வகத்துக்கு அவர் பெயரும் சூட்டப்பட்டன. தன் வாழ்நாள் ஆசையின் வழியே ஒருமுறைகூட வானைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை.

இந்த வாழ்க்கையை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். பாப்புவின் மேதைமையை யாரும் ஐயுற முடியாது. ஆயினும் அந்த மேதைமை முளைவிட மூன்று உதவிகள் தேவைப்பட்டன. இருண்ட வானம், ஒரு தொலைநோக்கி, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒருவர். இம்மூன்றும் ஹைதராபாதில் அவருக்கு ஒரே இடத்தில் கிடைத்தன. பொட்டிபுரத்துக் களத்தில் எனக்கு முதலாவது மட்டும் நிறைவாகக் கிடைத்தது. மூன்றாவதாக அப்பத்தா இருந்தார். பார்க்கத் தெரிந்தவர், ஆனால் அதற்கு மேல் படிக்காதவர். இரண்டாவதோ எங்கள் பள்ளியில் இல்லை. விண்மீனை நாங்கள் பாடப்புத்தகத்தின் படத்தில் பார்த்துத் தேர்வு எழுதினோம்.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் நியூட்ரினோ ஆய்வகத் திட்டம் வந்தது. அம்பரப்பர் மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கம், அதன் முடிவில் ஒரு குகை, அதில் 50,000 டன் இரும்பாலான காந்த உணர்கருவி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. நீர் வற்றுமோ, மலை சிதையுமோ, மேய்ச்சல் போகுமோ என்று மக்கள் அஞ்சினர். புலிகளின் நடமாட்டத்தையும் மலையின் சூழலையும் காரணம் காட்டி, திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசு தெரிவித்தது. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதை இங்கே விவாதிக்க நான் முற்படவில்லை. மலையை நம்பி வாழ்கிறவர்களின் அச்சம் மதிக்கப்பட வேண்டியது. இந்தியா 1965இலேயே கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டுணர்ந்த நாடு என்பதும் மறக்கக்கூடாதது.

என் ஆதங்கம் வேறு. நியூட்ரினோவைத் தேடுவதும் ஒருவகையில் வானைப் பார்ப்பதே. சூரியனுக்குள்ளும் வெடிக்கும் விண்மீன்களுக்குள்ளும் பிறந்து, மலையையும் ஊடுருவிச் செல்லும் துகள் அது. தமிழில் அம்பரம் என்ற சொல்லுக்கே ஆகாயம் என்று பொருள். ஆனால், எங்கள் ஊர் மக்கள் அறிவியலை முதன்முதலில் சந்தித்தது நில அளவைக் கல்லாகவும், வேலிக் கம்பியாகவும், பொதுக்கூட்டத்துக் கூச்சலாகவும்தான். ஒரு குழந்தையைக் கூப்பிட்டு, தொலைநோக்கியில் கண்ணை வைத்துச் சனியின் வளையத்தைப் பார் என்று சொன்ன கையாக அது வந்திருக்கலாம். வந்திருந்தால் மக்கள் திட்டத்தை ஏற்றிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. மறுத்திருந்தாலும், அந்த மறுப்பு புரிந்துகொண்டவர்களின் மறுப்பாக இருந்திருக்கும். பேசியவர்கள் இருவரும் ஒரே வானத்தைப் பார்த்தவர்களாக இருந்திருப்பார்கள்.

இது நடக்க முடியாத கற்பனை அன்று. பாப்பு வளர்த்த அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம், லடாக்கின் ஹான்லே பகுதியில் இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2022இல் அங்கே இருள்வான் காப்பகம் அறிவிக்கப்பட்டது. சுற்றுவட்டாரக் கிராமத்தினருக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் வழங்கப்பட்டன. இன்று அவர்கள் பயணிகளுக்கு வானத்தைக் காட்டிப் பொருளீட்டுகிறார்கள். வீட்டு விளக்குகளின் ஒளி மேல்நோக்கிச் சிதறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். தமிழகத்திலும் கொல்லிமலையில் இருள்வான் பூங்கா அமைக்கும் அறிவிப்பு வெளியாகியுள்ளது.

மேற்கு மலையின் அடிவாரப் பள்ளிகளுக்கு அவ்வளவுகூட வேண்டாம். ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று, அதை இயக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், மாதத்தில் நிலவில்லாத ஓர் இரவு போதும். தெருவிளக்குகளுக்கு மேல்மூடி போட்டு ஒளியைத் தரைநோக்கித் திருப்புவது ஊராட்சியின் கையிலேயே இருக்கிறது. சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது களத்தில் நின்று பார்த்தேன். கிழக்கே போடிப் பக்கத்து வெளிச்சம் அடிவானத்தை வெளுக்கச் செய்திருந்தது. கார்த்திகைக் கூட்டத்தில் என்னால் ஐந்துக்கு மேல் எண்ண முடியவில்லை. வயதான என் கண்களும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பக்கத்தில் நின்ற சிறுவனிடம் எண்ணிச் சொல்லச் சொன்னேன். அவன் எதை எண்ண வேண்டும் என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் எங்கள் ஊரில் இருக்க வேண்டும். பாப்புவுக்கு நாம் செலுத்தும் மரியாதை அங்கிருந்து தொடங்கட்டும்.