உயிரணுவின் நூற்கண்டை ஆராய்ந்த ஜானகி அம்மாள்



வீட்டுத் தையற்பெட்டியிலுள்ள நூற்கண்டை எடுத்துப் பாருங்கள். எத்தனையோ முழ நீள நூல், உள்ளங்கைக்குள் அடங்கும் கண்டாகச் சுற்றப்பட்டிருக்கும். மரம், செடி, விலங்கு, மனிதர் ஆகிய எல்லா உயிர்களின் உயிரணுக்களிலும் இத்தகைய கண்டுகள் உண்டு. அவற்றைக் குரோமோசோம் என்பர். அவற்றை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஜானகி அம்மாளின் வரலாற்றை இங்குக் காண்போம்.

அம்மையார் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் நீதித்துறையில் பணியாற்றியவர். செடிகளிடத்தும் பறவைகளிடத்தும் பேரன்பு கொண்டவர். அவ்வன்பு மகளிடமும் வேரூன்றியது. பெண்களுக்குத் திருமணமே போதும், படிப்பு எதற்கு என்று பலரும் எண்ணிய காலம் அது. ஜானகியோ கல்வியையே தேர்ந்தெடுத்தார். இறுதிவரை மணம் புரிந்துகொள்ளவில்லை.

சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921இல் தாவரவியலில் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைப் பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்தார். ஆசிய நாட்டுப் பெண்களுக்கென ஏற்பட்ட பார்பர் உதவித்தொகை கிடைக்கவே, கடல் கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியேற்றார். இனிமை மிகுந்த கரும்பையும், அதன் காட்டு உறவாகிய நாணலையும் உருப்பெருக்கியின் கீழ் ஆராய்ந்து, அவற்றின் குரோமோசோம்களை எண்ணிக் கணக்கிட்டார். கரும்பைச் சோளத்தோடும் பிற புல்லினங்களோடும் கலந்து புதிய செடிகளை உருவாக்கினார். ஆயினும் தனித்து வாழ்ந்த பெண் என்பதாலும், அந்நாளில் தாழ்த்தி எண்ணப்பட்ட குலத்திற் பிறந்தவர் என்பதாலும் உடன் பணியாற்றிய ஆடவரிடையே அவர் பட்ட இன்னல்கள் பல. அவர் மனம் தளரவில்லை.

1939இல் மாநாடு ஒன்றிற்காகப் பிரிட்டன் சென்றபோது உலகப் போர் மூண்டது. அம்மையார் அங்கேயே தங்கி, இலண்டனில் ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார். இரவில் குண்டு விழும்போது கட்டிலின் கீழ் ஒளிந்துகொள்வார். விடிந்ததும் உடைந்து சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு மீண்டும் ஆய்வைத் தொடர்வார். அவ்வுழைப்பின் பயனாக, பயிர்ச்செடிகளின் குரோமோசோம் கணக்கைத் தொகுத்துக் கூறும் பெருநூல், டார்லிங்டன் என்னும் அறிஞரோடு இணைந்து அவர் எழுதியது, 1945இல் வெளிவந்தது.

அவர் எண்ணிய கண்டுகளுக்குள் சுற்றப்பட்டிருப்பது டி.என்.ஏ. என்னும் நுண்ணிய இழையாகும். மனித உயிரணு ஒன்றிலுள்ள 46 குரோமோசோம்களின் இழையை நீட்டி இணைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் அது சுற்றப்பட்டிருப்பதாலேயே, கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் அடங்குகின்றது. இறுகச் சுற்றிய பகுதியிலுள்ள மரபணுக்கள் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கின்றன; தளர்ந்த பகுதியிலுள்ளவை எளிதில் விழித்துச் செயற்படுகின்றன. கண்ணின் உயிரணுவிலும் தோலின் உயிரணுவிலும் இருப்பது ஒரே இழைதான். எப்பகுதி திறந்துள்ளது, எப்பகுதி மூடியுள்ளது என்பதே அவற்றை வேறுபடுத்துகின்றது.

இவ்வுண்மையை நம் செம்பனைத் தோட்டங்களிலும் காணலாம். திசு வளர்ப்பு முறையில் ஒரே தாய்மரத்திலிருந்து உண்டாக்கிய கன்றுகளுட் சில, உருக்குலைந்த பழங்களைத் தந்து விளைச்சலைக் கெடுத்தன. இழை மாறவில்லை, பின் ஏன் இவ்வேறுபாடு? டி.என்.ஏ.வின் ஓரிடத்தைச் செயற்படாது அடக்கி வைக்கும் சிறு வேதியியல் அடையாளம், அக்கன்றுகளில் நீங்கிவிட்டதே காரணம் என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் அறிவியலாரும் அமெரிக்க அறிஞர்களும் 2015இல் கண்டறிந்தனர். குலை வெட்டும் உழைப்பாளியின் வருவாயையும் தொடும் அறிவியல் இது.

ஜானகி அம்மாள், பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத்துறையைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். 1977இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது. முதுமையிலும் ஓயாமல், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காடு அணைநீரில் மூழ்காதிருக்கக் குரல் கொடுத்தார். சென்னை மதுரவாயலிலுள்ள ஆய்வுக்களத்தில் பணிபுரிந்து வந்த அவர், 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனைக் காண அவர் இல்லை, காடு இருக்கின்றது.

மாணவச் செல்வங்களே! உயிரணுவில் இருந்தும் திறக்கப்படாத மரபணு பயன் தருவதில்லை. உங்களுள் உறங்கும் ஆற்றலும் அவ்வாறே. தோட்டத்து லயத்திற் பிறந்தோம், நம்மால் என்ன இயலும் என்று எண்ணாதீர்கள். பெற்றோர்களே! பெண் பிள்ளைக்குப் படிப்பு போதும் என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ஒரு பெண்ணின் கல்வி நிறுத்தப்படாமையால் உலகம் பெற்ற நன்மைக்கு ஜானகி அம்மாளின் வாழ்வே சான்றாகும்.