பட்டம் வாங்காத மேதை

நம்ம லேப்பில் தினமும் கையாளும் கோஆக்சியல் கேபிளுக்கு 1880-லேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ஆலிவர் ஹெவிசைடு. 1850-ல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே காது மந்தம். 16 வயதோடு பள்ளிப் படிப்பு முடிஞ்சுது. தந்தி ஆபரேட்டர் வேலையையும் 1874-ல் விட்டுவிட்டு, வீட்டிலேயே உட்கார்ந்து மாக்ஸ்வெல்லின் நூலைக் கற்றார்.

கேபிளில் ஆற்றல் ஓடுவது செம்புக்குள் அல்ல, நடுவிலுள்ள மின்காப்புப் பொருள் வழியாகத்தான் என்று விளக்கினார். அதனால்தான் கெட்டியான பாலிதீன் நிரப்பிய கேபிளில் அலை, ஒளி வேகத்தில் சுமார் 66 சதவீதமே போகிறது. பாலிதீனைக் குறைத்து மீதி இடத்தைக் காற்றுக்கு விட்டால் வேகம் கூடும்!

1887-ல், லைனில் இன்டக்டன்ஸைக் கூட்டினால் பேச்சு சிதையாது என்றார். தபால் துறைப் பொறியாளர் பிரீஸ் ஏற்கவில்லை. பிறகு அமெரிக்காவில் பியூப்பின், லோடிங் காயிலுக்குக் காப்புரிமை பெற்றுப் பெரும்பணம் சம்பாதித்தார். ஹெவிசைடு கைக்கு ஒரு காசும் வரவில்லை. 1922-ல் முதல் ஃபாரடே பதக்கம் வந்தது, 1925-ல் மறைந்தார்.

'டிப்ளமாதானே' என்று யாராவது இளப்பமாகப் பேசினால், பதில் சொல்ல வேண்டாம். அந்தக் கேபிளைக் காட்டுங்கள், போதும்!